தரையில் ஊரும் ஆமையும் எமது பிள்ளைகளின் கணிதமும்

அண்மைக் காலமாக எம்மவர் வீடுகளில் ஒரு வினா எழுந்து வருகின்றது. பாடசாலை விட்டு வரும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளையிடம் "இண்டைக்குக் கணக்குப் பாடத்திலை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டால், "தேனீயை ஓடவிட்டனாங்கள்" என்று விடை வருகின்றது. கொப்பியைத் திறந்து பார்த்தால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அம்புக்குறிகள் சில வரிசையாகக் கிடக்கின்றன. வாய்ப்பாட்டை மனனஞ் செய்து, தவறினால் பிரம்படியும் வாங்கிக் கணிதம் கற்ற தலைமுறையினர் நாம். இதைக் காணும்போது, இந்நாட்டு ஆசிரியர்கள் எமது பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுத் தாம் ஓய்ந்திருக்கின்றனரோ என்ற ஐயம் எமக்குள் எழுவது இயல்பே.

இந்த ஐயத்தை அற்பமானதென்று ஒதுக்கிவிட முடியாது. மொழி தெரியாத நாட்டில் எமது பிள்ளைகள் பிறருக்குச் சமமாக நிற்கக்கூடிய முதற் பாடம் கணிதமே என்பதை எம்மவர் அனுபவத்தால் அறிவர். சுவிற்சர்லாந்தின் பல மாநிலங்களில் பன்னிரண்டு வயதளவிலேயே பிள்ளைகள் வெவ்வேறு கல்விப் பிரிவுகளுக்கு வகுக்கப்படுகின்றனர். அவ்வேளையில் கணிதப் பெறுபேறு பெரும் பங்கு வகிக்கின்றது. ஆகவே வகுப்பறைக்குள் புகுந்திருக்கும் இச் சிறு இயந்திரங்கள் யாவை, அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்கு எத்தகைய பயிற்சி தரப்படுகின்றது, அப் பயிற்சி இல்லாதவிடத்து நேர்வது என்ன என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பிள்ளைகள் 'தேனீ' என்று கூறுவது, பிரித்தானியாவில் தோன்றிய 'பீ-பொட்' என்னும் சிறு ரோபோவை. உடல் ஒளிபுகு ஓட்டினாலான அதன் தம்பிக்கு 'புளூ-பொட்' என்று பெயர். இதன் முதுகில் முன்னே, பின்னே, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என நான்கு அம்புப் பொத்தான்கள் உள்ளன. நடுவில் 'செல்' என்னும் பொத்தான். அழிப்பதற்கு ஒன்று, சற்று நிற்பதற்கு ஒன்று. ஒருமுறை முன்னே செல்லுமாறு பணித்தால் அது 15 சென்ரிமீற்றர் நகரும். திரும்புமாறு பணித்தால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். அவ்வளவே. எழுத வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையும் இதற்குக் கட்டளையிடலாம்.

இவ்வளவு எளிய பொருளில் கணிதம் எங்கே ஒளிந்திருக்கின்றது? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தரையில் 1 முதல் 10 வரை இலக்கமிட்ட கட்டங்கள் வரையப்பட்டுள்ளன. 2 ஆம் கட்டத்தில் நிற்கும் தேனீ 7 ஆம் கட்டத்துக்குப் போகவேண்டும். பிள்ளைகளிற் பலர் தேனீ நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணி ஆறு தடவை அழுத்துவர். தேனீ 8 இல் போய் நிற்கும். இதே பிள்ளைகள் கொப்பியில் எண்கோட்டினைக் கொண்டு கூட்டும்போதும் இதே தவற்றையே செய்கின்றனர். ஆனால் அங்கே ஆசிரியரின் சிவப்பு மை மட்டுமே அதனைக் காட்டுகின்றது. எத்தனை கட்டங்கள் உள்ளன என்பதும் எத்தனை அடி நகரவேண்டும் என்பதும் வேறு வேறு என்பதை இங்கே ஆசிரியர் சொல்லாமலே தேனீ காட்டிவிடுகின்றது. நான்கு அடி நகர்ந்தால் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 15 இன் பெருக்கல் வந்துவிடுகின்றது. நான்கு தடவை திரும்பினால் பழைய திசைக்கே வந்துசேர்கின்றது என்பதிலிருந்து 360 பாகை பிறக்கின்றது.

இப்போக்கு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 2014 இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் செங்கோணத் திருப்பங்களைக் கற்பிக்கும் வழிகளுள் ஒன்றாக ரோபோவுக்குக் கட்டளையிடுதலைக் குறிப்பிடுகின்றது. பிரான்சில் 2016 முதல் ஆரம்ப வகுப்புக் கேத்திரகணிதத்தில் ரோபோ ஒன்றின் நகர்வுகளை நிரற்படுத்துதல் இடம்பெற்றுள்ளது. நோர்வேயும் கனடாவின் ஒன்ராறியோ மாநிலமும் 2020 இல் நிரலாக்கத்தைக் கணித பாடத்தினுள்ளேயே சேர்த்தன. பிரெஞ்சு மொழி பேசும் சுவிஸ் மாநிலங்களின் பொதுப் பாடத்திட்டத்தில் 2021 இல் எண்ணிமக் கல்வி என்னும் பிரிவு இணைக்கப்பட்டது. எனவே எம்மவர் சிதறி வாழும் நாடுகளிற் பெரும்பாலானவற்றில் இன்றோ நாளையோ இது எமது வாசலுக்கு வந்தே தீரும்.

பாடத்திட்டத்தில் ஒரு வரியைச் சேர்ப்பதற்கு அமைச்சரின் கையொப்பம் போதும். அவ் வரியை வகுப்பறையில் உயிர்பெறச் செய்வதற்கோ ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் மீண்டும் மாணவராக வேண்டும். இதனை மறந்ததால் நேர்ந்த விளைவைப் பிரான்ஸ் ஒருமுறை கண்டது. 1985 ஜனவரியில் அன்றைய பிரதமர் லோரன் ஃபபியுஸ் 'எல்லோருக்கும் கணனி' என்னும் பெருந் திட்டத்தை அறிவித்தார். 50,000 கல்வி நிலையங்களுக்கு 120,000 கணனிகள். 110,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இத்தனையும் சில மாதங்களில் நிறைவேற வேண்டுமென்பது திட்டம். ஆசிரியர்கள் விடுமுறை நாட்களில் ஒருவார அளவு பயிற்சி பெற்றுத் திரும்பினர். தம் வகுப்பில் ஏதேனும் தடங்கல் நேர்ந்தபோது கேட்பதற்கு ஆளில்லை. சில ஆண்டுகளுள் பல பாடசாலைகளில் அக் கணனிகள் அலுமாரிகளுக்குள் அடைக்கப்பட்டன. இயந்திரத்துக்குச் செலவிட்ட அக்கறையை மனிதருக்குச் செலவிடவில்லை என்பதே பின்னாளில் பலரும் கூறிய குறை.

இவ் இயந்திரங்களின் மூதாதையர் ஓர் ஆமை. அதன் கதையும் சுவிற்சர்லாந்தோடு தொடர்புடையது. சீமோர் பப்பேர்ட் என்னும் கணிதவியலாளர் 1928 இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவிற் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே நிறவெறிக் கொள்கையை எதிர்த்து நின்றவர். பின்னர் அந்நாட்டை விட்டு வெளியேறியவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில், குழந்தைகள் எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை ஆராய்ந்த பேரறிஞர் ஜோன் பியாஜேயுடன் பணியாற்றினார். அதன்பின் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்ற அவர், 1967 இல் வொலஸ் ஃபோர்சிக், சிந்தியா சொலமன் ஆகியோருடன் சேர்ந்து 'லோகோ' என்னும் கணனி மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். அம்மொழியிலான கட்டளைகளுக்குப் பணிந்து, வயிற்றில் ஒரு பேனாவுடன் தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு வண்டிக்கே 'ஆமை' என்று பெயரிட்டனர். 1980 இல் வெளியான 'மைன்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் நூலில் அவர் தம் கருத்தை விரிவாக எழுதினார். பிள்ளை ஆமையின் இடத்தில் தன் உடலை வைத்துப் பார்க்கின்றது; தான் நடந்தால் எப்படித் திரும்புவேன் என்று எண்ணுகின்றது; அவ்வழியே கேத்திரகணிதம் உடலுக்குள் இறங்குகின்றது என்பதே அவர் கருத்தின் சாரம். 2016 இல் அவர் காலமானார்.

இனி, பயிற்சியைப் பற்றிப் பார்ப்போம். ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் மொழி, கணிதம், சித்திரம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கற்பிப்பவர். அவருட் பலர் கணனித் துறையை நாடாதவர்கள். சிலர் கணிதத்துக்கே அஞ்சியவர்கள். அவர்களைக் கூட்டிவைத்து மின்கலம், உணரி என்று விரிவுரை நிகழ்த்துவதாற் பயனில்லை. நல்ல பயிற்சிகளில் முதலில் இயந்திரமே மேடைக்கு வருவதில்லை. ஆசிரியர்களுள் ஒருவர் ரோபோவாக நிற்பார். மற்றவர் அவருக்குக் கட்டளையிடுவார். 'கதவருகே போ' என்றால் ரோபோ அசையாது. ஏனெனில் அது அதற்குத் தெரிந்த கட்டளையன்று. 'மூன்று அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு, இரண்டு அடி முன்னே' என்றால்தான் நகரும். எதிரே நிற்பவரின் வலம் தமக்கு இடமென்பதை மறந்து, வளர்ந்த ஆசிரியர்களே சுவரில் முட்டச் செய்வதுண்டு. பிள்ளைகள் இதே இடத்தில் இடறும்போது எள்ளி நகையாடாமலிருக்க இந்த அனுபவம் உதவுகின்றது.

அடுத்து, எங்கே பிள்ளைகள் தவறுவர் என்பதை முன்கூட்டியே அறிவித்தல். திரும்பும் பொத்தானை அழுத்தினால் தேனீ திரும்பிப் பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விடும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எண்ணுகின்றனர். அது நின்ற இடத்திலேயே திரும்புமென்பது, திரும்புதலும் நகர்தலும் இருவேறு செயல்கள் என்னும் கணித உண்மையாகும். இன்னொன்று, முற்றிலும் இயந்திரம் சார்ந்தது: தேனீ பழைய கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். அழிக்கும் பொத்தானை அழுத்தாமற் புதிய கட்டளைகளைக் கொடுத்தால் பழையனவும் புதியனவும் சேர்ந்து ஓடும். இதை அறியாத ஆசிரியர், சரியாகச் செய்த பிள்ளையைப் பிழையென்று கூறிவிடலாம். அன்றி இயந்திரம் பழுதென்று அலுமாரிக்குள் வைத்துவிடலாம். அரை மணி நேரப் பயிற்சியில் தீரக்கூடிய இச் சிறு விடயம், பயிற்சியில்லாத வகுப்பில் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையையே குலைத்துவிடக் கூடும்.

மேல் வகுப்புகளுக்கான பயிற்சியிலே சமபக்க முக்கோணி ஒன்றை வரையச் செய்யும்படி ஆசிரியர்களைக் கேட்பது வழக்கம். வாசகர்களும் முயன்று பார்க்கலாம். முக்கோணியின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 'முன்னே செல், 60 பாகை திரும்பு' என்பதை மூன்று தடவை கட்டளையிடுவோம். வரைவது முக்கோணியன்று, பாதி அறுகோணி! ஊர்ந்து வரும் ஆமை திரும்பவேண்டியது உள்ளே இருக்கும் கோணத்தின் அளவன்று, வெளியே இருக்கும் 120 பாகை. மூன்று தடவை 120 திரும்பினால் 360. சதுரத்துக்கு நான்கு 90, அறுகோணிக்கு ஆறு 60. எல்லாம் 360 இலேயே முடிகின்றன. பாடசாலையில் நாம் நிறுவல்களை மனனஞ் செய்து மறந்துபோன தேற்றமொன்று தரையில் விரிந்து கிடப்பதை இங்கே காண்கின்றோம். தாமே தவறி, தாமே கண்டுபிடித்த ஆசிரியர், பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்த அவசரப்படமாட்டார். இப் பயிற்சிகளில் மிகக் கடினமான பாடம், கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே என்று நாம் கருதுகின்றோம்.

காத்திருத்தல் என்றால் விட்டுவிடுதல் அன்று. பிள்ளையை அதன் போக்கில் விட்டால், ஓர் அம்பை அழுத்தி ஓடவிட்டுப் பார்த்து, மீண்டும் ஓர் அம்பை அழுத்தி, தட்டித் தடவி இலக்கை அடைந்துவிடும். இதில் விளையாட்டு உண்டு, கணிதம் இல்லை. எனவேதான் முழு வழியையும் முதலிற் கடதாசியில் அம்புக்குறிகளால் எழுதி, எங்கே போய் நிற்குமென்று முன்கூறி, அதன்பின்னரே 'செல்' பொத்தானை அழுத்தவேண்டுமென ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது. எமது பிள்ளைகளின் கொப்பிகளில் நாம் காணும் அம்புக்குறிகள் இவையே.

சுவிற்சர்லாந்தின் வோ மாநிலம் இவ்வகையில் ஒரு நல்ல முன்மாதிரி. லொசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியும் அம்மாநில ஆசிரியர் கல்லூரியும் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்வித் திணைக்களத்துடன் கைகோத்து 2018 இல் பத்துப் பாடசாலைகளில் முன்னோடித் திட்டமொன்றைத் தொடங்கின. முதல் நான்கு ஆண்டு வகுப்புகளுக்குரிய ஏறத்தாழ 350 ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். விரும்பியவர் மட்டும் வரலாமென்று விடாமல் அனைவருக்கும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஆயின் கற்றதை வகுப்பில் பயன்படுத்துவது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. முதலில் கணனியும் ரோபோவும் இல்லாத விளையாட்டுகள், அடுத்துத் திரையில்லாத ரோபோக்கள் என்னும் ஒழுங்கிலே பயிற்சி சென்றது. பயிற்சிக் காலத்தில் 97 வீதமானோர் தம் வகுப்பில் இவற்றைப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டில் 80 வீதமானோர். ஆய்வாளர்கள் 2021 இல் இதனை வெளியிட்டனர். கட்டாயத்தால் வந்த ஆசிரியர்கள் விருப்பத்தால் தொடர்ந்தனர் என்பதே இதிற் குறிக்கத்தக்கது. இத்திட்டத்தின் முதன்மை நோக்கம் கணனி அறிவியலே. கணிதத்துக்கு அதனால் வரும் நன்மை பக்கவிளைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அங்கே பயன்படும் மற்றொரு ரோபோ 'திமியோ'. அதே லொசான் கல்லூரியில் பிறந்த வெள்ளைப் பெட்டி போன்ற இதன் வடிவமைப்பு எவரும் எடுத்தாளும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. பச்சை நிறத்தில் ஒளிரும்போது எதிரே நீட்டிய கையைப் பின்தொடரும். சிவப்பில் ஒளிரும்போது கைக்கு அஞ்சி விலகும். நடுவிலுள்ள துளையிற் பேனாவைச் செருகினால் பழைய ஆமையைப் போலவே கோடு வரையும்.

இவற்றால் பிள்ளைகளின் கணிதம் உண்மையிலேயே உயர்கின்றதா? இங்கே நாம் நிதானமாகப் பேசவேண்டும். 'லோகோ'வின் புகழ் உச்சத்திலிருந்த 1984 இலேயே, நியூயோர்க்கில் ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் ஆய்வாளர்கள், அம்மொழியைக் கற்ற பிள்ளைகள் பிற வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றப் பிள்ளைகளை விஞ்சவில்லை என்று காட்டினர். இங்கிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் நடந்த 'ஸ்கிராச் மத்ஸ்' என்னும் திட்டத்தின் முடிவுகள் 2018 இல் வெளியாகின. அதில் ரோபோ இல்லை; திரையில் பொம்மைகளை நகர்த்திக் கணிதம் கற்பித்தனர். பிள்ளைகளின் கணனிச் சிந்தனை வளர்ந்தது. ஆனால் ஆரம்பப் பாடசாலை இறுதிக் கணிதப் பரீட்சைப் புள்ளிகளில் வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் ஆண்டில் பரீட்சை நெருக்கடியாற் பல பாடசாலைகள் திட்டத்தை முழுமையாகப் பின்பற்றவில்லை என்பதும் அவ்வறிக்கையிலே உண்டு. ஆகவே, ரோபோ வந்துவிட்டதென்று வாய்ப்பாட்டைக் கைவிடலாம் என்று எவரும் கூறினால் அதை ஏற்க நாம் ஆயத்தமாயில்லை. விற்பனையாளர்கள் கூறுவதை விடக் குறைவாகவும், எமது அப்பாமார் அஞ்சுவதை விட அதிகமாகவும் இவ் இயந்திரங்களாற் பயனுண்டு. அப்பயனின் அளவு பெரும்பாலும் ஆசிரியரைப் பொறுத்தது.

அகதிப் பிள்ளைகளின் நிலையில் நின்று பார்க்கும்போது இன்னொரு விடயம் முன்னுக்கு வருகின்றது. சுவிஸ் அரசியலமைப்பின் 19 ஆவது உறுப்புரை, போதியதும் இலவசமானதுமான அடிப்படைக் கல்வியை அனைவருக்கும் உரிமையாக்குகின்றது. புகலிட விண்ணப்பம் எந்நிலையில் இருந்தாலும் பிள்ளை பாடசாலைக்குப் போகலாம். சென்ற மாதம் வந்த பிள்ளைக்குக் கணிதப் புத்தகத்திலுள்ள வசனக் கணக்கு விளங்காது. கணக்குத் தெரியாததாலன்று, வசனம் தெரியாததால். அம்புப் பொத்தானுக்கோ வினைச்சொல் தேவையில்லை. அப்பிள்ளை திட்டமிட்ட வழியில் தேனீ சென்று இலக்கில் நின்றால், வகுப்பு முழுவதும் அதனைக் காணும். இது சிறு விடயமன்று.

ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். மூவர், நால்வருக்கு ஒரு ரோபோவென்று பகிரும்போது, மொழி தெரிந்த, குரல் உயர்ந்த பிள்ளையின் கையிலேயே அது தங்கிவிடும். புதிதாக வந்த பிள்ளை பார்வையாளராகிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் இதுவே நேர்வதுண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை வழி எழுதுபவராகவும், ஒருவரைப் பொத்தான் அழுத்துபவராகவும், ஒருவரைச் சரிபார்ப்பவராகவும் நியமித்து, முறைவைத்து மாற்றுவார். பயிற்சி பெறாதவரோ, சத்தமில்லாத குழுவைக் கண்டு எல்லாம் நன்றாகவே நடக்கின்றது என்று எண்ணிக்கொள்வார்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதற்கு ரோபோ வாங்கவேண்டிய தேவையில்லை. சமையலறைத் தரையின் சதுர ஓடுகள் போதும். அப்பாவோ அம்மம்மாவோ ரோபோவாக நிற்கட்டும். பிள்ளை தமிழிலே கட்டளையிடட்டும். இடமும் வலமும், முன்னும் பின்னும், அரைச்சுற்றும் காற்சுற்றும் தமிழில் விளங்கிய பிள்ளைக்குப் பாடசாலையில் தேவைப்படுவது புதிய சொல் மட்டுமே. புதிய எண்ணம் அன்று. வாரவிடுமுறையில் நடக்கும் எமது தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் இவ்விளையாட்டைக் கீழ் வகுப்புகளில் முயன்று பார்க்கலாம். செலவு ஒரு வெண்கட்டி மட்டுமே.

பெற்றோர் சந்திப்புக்கு அழைப்பு வந்தால், மொழி தெரியாதென்று தவிர்த்துவிடலாகாது. பல பாடசாலைகள், முன்கூட்டியே கேட்டால், மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தருகின்றன. 'ரோபோ ஏன்?' என்று கேட்பதை விட, 'ரோபோவுடன் வேலை செய்யும்போது என் பிள்ளை எந்தப் பொறுப்பில் இருக்கின்றது? வழியை அது எழுதுகின்றதா, அல்லது பார்த்துக்கொண்டிருக்கின்றதா?' என்று கேட்பது பயன் தரும். இதற்காக ஆசிரியருக்குப் பயிற்சி நாட்கள் கிடைத்தனவா என்றும் மரியாதையாக விசாரிக்கலாம். இல்லையெனில் அக்குறையைப் பாடசாலை நிருவாகத்திடம் எடுத்துச் சொல்லப் பெற்றோரின் குரல் அவருக்கு உதவியாகவே அமையும். போகும்போது அம்புக்குறிகள் எழுதிய அக்கொப்பியையும் எடுத்துச் செல்லலாம். ஓர் அம்பு அழிக்கப்பட்டு அதன்மேல் வேறோர் அம்பு எழுதப்பட்டிருந்தால், பேச்சை அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.